என் தோளுக்கில்லாத குழல்

“ஓட்டையைப் பெருசாக்கலாம் நோரீன். சின்னதாக்க முடியாது.”

“சின்னதாக்கச் சொல்லல. யாரு பெருசாக்கச் சொன்னதுன்னுதான் கேக்குறேன்.”

ஹாஸ்கெல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மீக்கர் ஊருக்கு வடக்கே, இந்தத் தகரக் கொட்டகையில், முப்பது வருஷமாகத் துப்பாக்கிக் குழல் கடைந்து தருகிறவர். எங்களுக்கு நடுவே எண்ணெய்த் துணி மேல் நான் ஆறு மாதம் காத்திருந்த குழல் கிடந்தது. அழகான குழல், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயில் ஒரு பிசிறு கிடையாது. பக்கவாட்டில் பொறித்திருந்த எண்தான் என்னுடையதல்ல. நான் கேட்டது ஏழு மில்லிமீட்டர், பதினெட்டு அங்குலம். கிடந்தது நாற்பத்தைந்து-எழுபது என்கிற தடித்த தோட்டாவுக்கானது, இருபத்து நான்கு அங்குலம். என் சுண்டுவிரல் நுனி அதற்குள் நுழையும் போலிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கிடாரி என்னைக் கம்பி அடைப்பில் வைத்து நசுக்கியது. வலது தோளில் எஃகுத் தகடு வைத்தார்கள். கழுத்தில் இரண்டு எலும்புகளை ஒன்றாக்கினார்கள். அதிலிருந்து இடது தோளில்தான் சுடுகிறேன். சாதாரண ரைஃபிள்களில் நெம்புகோல் வலப்பக்கம் இருக்கும், எனக்கு உதவாது. ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு இடம் வலம் இல்லை. நடுவில் மடித்துத் திற, ஒரு தோட்டா போடு, மூடு. கட்டையும் விசையும் சேர்ந்த அடிப்பாகத்தை முன்பே வாங்கிவிட்டேன். ஒரே ஆணியைத் தட்டினால் எந்தக் குழலையும் அதில் மாட்டலாம். ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டியது குழல் மட்டும்தான்.

அதை நான் விளையாட்டாகத் தேர்ந்தெடுக்கவில்லை. போன குளிர்காலம் முழுக்க அக்கம்பக்கத்தாரின் துப்பாக்கிகளை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். எந்தத் தோட்டா, எத்தனை தடவை, மறுநாள் கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்தேன். ஏழு மில்லிமீட்டரில் இரண்டு நாளில் நாற்பது தோட்டா. மூன்றாம் நாள் குதிரை ஏற்றும் டிரெய்லரைப் பின்னால் திரும்பிப் பார்த்தே ரிவர்ஸ் எடுத்தேன். நாற்பத்தைந்து-எழுபதில் மூன்றே தோட்டா. நான்கு நாள் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. என் கணவன் கிளேட்டன்தான் கோதுமைப் பையைச் சூடாக்கிக் கழுத்தில் ஒத்தடமாக வைத்துவிட்டான்.

“ஆர்டர் புத்தகத்தக் காட்டுங்க” என்றேன்.

அவர் தயங்கினார். நானே மேசையைச் சுற்றிப் போய் எடுத்துப் பிரித்தேன். பிப்ரவரியில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட வரி. அதன் மேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஹாஸ்கெலின் பென்சில் எழுத்தில் புது எண்கள். ஓரத்தில் ‘கிளேட்டன் சொன்னது’ என்று இரண்டு சொல்.

துளை போடும் முன் ஒருமுறை போன் பண்ணி உறுதிப்படுத்திக்கொள்வது ஹாஸ்கெலின் வழக்கம். மார்ச் மாதம் பண்ணியதாகச் சொன்னார். மார்ச் எங்களுக்குக் கன்று ஈனும் மாதம். நான் கொட்டகையில் ஒரு பசுவின் வயிற்றுக்குள் இடது கையை முழங்கை வரை விட்டுக் கன்றின் காலைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன். அடுப்படியில் போனை எடுத்தது கிளேட்டன். அவள் மனசை மாத்திக்கிட்டா என்று சொல்லியிருக்கிறான். இவரும் நம்பிவிட்டார். துப்பாக்கி விஷயத்தில் புருஷன் சொன்னால் பெண்டாட்டி சொன்ன மாதிரிதான் என்று இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் நினைக்கிற மாதிரி இவரும் நினைத்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“உன் வீட்டுக்குத்தானே பண்ணேன்.”

“குழல் வீட்டுக்கா? கையெழுத்துப் போட்டது வீடா?”

அவர் காபியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். பிறகு, வெடிமருந்தைக் குறைத்துப் போட்டுத் தோட்டா தயாரித்துத் தருவதாகச் சொன்னார். சுடும்போது தோளில் விழும் உதை பாதியாகிவிடுமாம். வேகமும் பாதியாகிவிடும் என்றேன். நான் உட்காரப் போகும் பள்ளத்தில் எல்க் மான்கள் சாயங்காலம் இருநூறு கஜத்துக்கு அப்பால்தான் இறங்கும். அந்த மெதுவான குண்டு அங்கே போய்ச் சேருவதற்குள் கல் மாதிரி விழும். காயப்பட்டு ஓடுகிற மானை இருட்டில் தேட நான் பதினோரு வருஷம் காத்திருக்கவில்லை.

பதினோரு வருஷம். அந்த மலையில் வேட்டையாட வருஷத்துக்கு ஒரு கை விரல் எண்ணிக்கைக்குத்தான் அனுமதிச் சீட்டு. விண்ணப்பம் போட்டுச் சீட்டு வராத வருஷத்துக்கு ஒரு புள்ளி. அப்படிப் பதினோரு புள்ளி சேர்ந்து இந்த வருஷம் என் பேர் வந்தது. வந்த அன்றே புள்ளிகள் பூஜ்யமாகிவிடும். அடுத்தது வருவதற்குள் எனக்கு அறுபத்தைந்து ஆகும். கிளேட்டன் தன் புள்ளிகளை நான்கு வருஷத்துக்கு முன்பே செலவழித்துவிட்டான். நான் வண்டி ஓட்டினேன், கூடாரத்தில் பீன்ஸ் வேகவைத்தேன். அவனுடைய மானின் தலை இப்போது கணப்புக்கு மேலே என் சோபாவை முறைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னும் பதினாறு நாளில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது.

குழலைக் கையில் எடுத்தேன். முன்பக்கம் கனத்தது. பதினெட்டு அங்குலம் கேட்டது ஜூனிபர் புதருக்குள் உட்கார்ந்துகொண்டு கிளையில் மாட்டாமல் திருப்புவதற்காக. இருபத்து நான்கு யாருக்கு வேண்டும்? மேலே வெட்டவெளி முகட்டில் படுத்துச் சுடுகிறவனுக்கு. நாற்பத்தைந்து-எழுபது யாருக்கு வேண்டும்? வருஷக்கணக்காக அதைப் பற்றியே பேசுகிறவனுக்கு.

“ஹாஸ்கெல், அவன் வேற என்ன சொன்னான்?”

“விடு நோரீன்.”

“சொல்லுங்க.”

அவர் லேத் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவருதான் சுடப்போறதாச் சொன்னாரு. நீ பக்கத்துல உக்காந்திருப்பியாம். உனக்கு முடியாதுன்னு உனக்கே தெரியுமாம், வாய் விட்டுச் சொல்ல மாட்டியாம்.”

ஒருவர் சீட்டில் இன்னொருவர் சுடுவது குற்றம். அது ஹாஸ்கெலுக்குத் தெரியும், கிளேட்டனுக்கும் தெரியும். அதைக்கூட நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை. கோதுமைப் பைதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. எந்தத் தோட்டா என்னைச் சுட விடாது என்று உலகத்தில் சரியாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்.

சுவரில் இருந்த போனை எடுத்து வீட்டுக்குப் பண்ணினேன்.

“வந்துருச்சா?” என்றான் உற்சாகமாக. “எப்படி இருக்கு கண்ணு?”

“உனக்குப் பொருத்தமா இருக்கு.”

அவன் அங்கே ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன். உன் தோள் தாங்காது நோரீன். எல்லாருக்கும் தெரியும்.”

“நாற்பது தோட்டா தாங்குச்சு. நீதானே பக்கத்துல நின்னு எண்ணுன.”

“பெஞ்சுல சுடுறது வேற, மலைல வேற. பதினோரு வருஷம் காத்திருந்துட்டு நாம வீணாக்கக் கூடாது.”

“நாம காத்திருக்கல. உன்னோடது என் சோபாவுக்கு மேல தொங்குது.”

“நம்ம சோபா” என்றான். சிரிக்கக்கூடச் செய்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், வீட்டுக்கு வா, பேசிக்கலாம் என்று குரலைத் தணித்தான். மாடு மிரளும்போது அவன் பயன்படுத்தும் குரல் அது. போனை மாட்டினேன்.

ஹாஸ்கெல் புதிதாகக் கடைந்து தருவதாகச் சொன்னார், தன் செலவில். எப்போது என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்குள் என்றார். நல்ல ஏழு மில்லிமீட்டர் இரும்பு கைவசம் இல்லை, வரவழைக்க வேண்டும். அவருக்குப் பின்னால், முடிந்த வேலைகளை நிறுத்தி வைக்கும் மரச்சட்டத்தில் ஐந்து குழல்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம். கடைசியில் இருந்ததைப் படித்தேன். ஏழு மில்லிமீட்டர், இருபது அங்குலம். என் அடிப்பாகத்துக்கு மாட்டுகிற அதே வகை.

“அது யாரோடது?”

“டென்வர்ல ஒரு பல் டாக்டர். அவருக்கு நவம்பர்லதான் சீசன்.” சொன்ன பிறகுதான் நான் ஏன் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்தது. மரச்சட்டத்துக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றார். முப்பது வருஷத்தில் ஒருவர் குழலை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை, வரிசையை உடைத்ததில்லை, அதுதான் தன் பேர் என்றார். அவர் காதுகள் சிவந்திருந்தன.

“என் வரிசைய உடைச்சீங்களே” என்றேன்.

வண்டிக்குப் போய், போர்வையில் சுற்றியிருந்த அடிப்பாகத்தை எடுத்து வந்தேன். நாற்பத்தைந்து-எழுபதை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அதை வைத்தேன். மடித்துத் திறந்தே வைத்தேன். ஆணியைத் தட்டுகிற சின்னப் பித்தளைச் சுத்தியலை அவருடைய பலகையிலிருந்தே எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

“அந்த இருபது அங்குலத்தக் கொண்டாந்து இதுல மாட்டுங்க, ஹாஸ்கெல்.”