செர்ரி மரம் என்னைப் பார்த்தது

மனித வரலாற்றில் பூவைப் பார்த்து வாயைப் பிளக்காத ஒரே ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நான் படிக்கும் ஜப்பானிய ஊரில், வசந்த விடுமுறைக்குச் செர்ரிப் பூ பார்க்கப் போயே ஆக வேண்டும். போகாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள். போன வருடம் நான் போகவில்லை. இடது காது போய்விட்டது. பெரிய நஷ்டமில்லை. அந்தப் பக்கம்தான் பேராசிரியர் நிற்பார். விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம், முடி வளர்ந்து காதை மூடிவிட்டதாக வீடியோ காலில் சொல்லிவைத்திருந்தேன்.

இந்த வருடமும் போகாவிட்டால் முழு ஆளும் காலி என்றார் மாடி வீட்டுச் செந்தூரப்பாண்டி அண்ணன். அவரும் எங்கள் ஊர்தான். அவர் மனைவி, எனக்கு மதினி, புளியோதரை கட்டிக்கொண்டு என்னையும் ரயிலில் ஏற்றினார்.

ரயில் நகரவில்லை. பூங்காதான் எங்களை நோக்கி வந்தது. ஒரு மூச்சு தாமதமாக வந்ததற்கு ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டது.

இறங்கினோம். மரத்துக்கு ஒருவராக நின்றார்கள். கிளையை இழுத்துக் கன்னத்தில் ஒட்டி, கழுத்தைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அகில உலகப் பல்வலிக்காரர்கள் மாநாடு மாதிரி இருந்தது. காற்றடித்தால் உதிர்கிற ஒன்றின் பக்கத்தில் நிற்க இத்தனை பேர் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அண்ணன் பழக்கதோஷத்தில், கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து ஒரு மரத்தடியில் வீசினார். பேருந்து ஜன்னல்களில் பழகிய கை. துண்டு குறி தவறாமல் விழுந்தது. இடம் போட்டாயிற்று என்றார்.

ஜப்பானியர்கள் துண்டைச் சுற்றி வரிசை கட்டினார்கள். குனிந்து வணங்கினார்கள். படம் எடுத்தார்கள். பச்சைக் கட்டம் போட்ட ஈரிழைத் துண்டு. இந்த வருடம் சீக்கிரமே மலர்ந்துவிட்டது என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கு உட்கார இடமில்லை.

"துண்டு போட்டும் நின்னுக்கிட்டே திங்கிற குடும்பம் உலகத்துலயே நாமதான்" என்றார் மதினி.

கூட்டத்தைப் பார்த்துப் பூங்காக் காவலர் வந்தார். வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்தமான தமிழில் பேசினார். பூவைப் பார்த்தாயிற்றா என்று என்னைக் கேட்டார். துண்டைப் பார்த்தேன் என்றேன். துண்டு கணக்கில் வராது என்றார்.

நான் பூவைப் பார்ப்பதாக இல்லை, வேண்டுமானால் பூ என்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

"ஏற்பாடு செய்யலாம்" என்றார் காவலர்.

மரத்தின் தண்டில் தட்டினார். மரம் குனிந்தது. பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி என்னை உச்சி முதல் கால் வரை பார்த்தது. நடந்து காட்டச் சொன்னது. நடந்தேன். பாடத் தெரியுமா என்றது. தெரியாது என்றேன். மரம் பக்கத்து மரத்தைப் பார்த்தது. அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"வீட்டில் கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம்" என்று மரம் நிமிர்ந்துவிட்டது.

என் முழங்கால்கள் தெரியாமல் போயின. பிறகு வயிறு. மதினி நீட்டிய புளியோதரையை வாங்கிச் சாப்பிட்டேன். சோறு மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் தெரிந்தது. நாகரிகமாக இல்லை என்று காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் தலையும் போயிற்று. போகட்டும் என்று நினைத்தேன். பல்வலிக்காரர்கள் கண்ணில் பட்டுத்தான் என்ன ஆகப்போகிறது.

அப்போது அம்மா கூப்பிட்டாள். அண்ணன் என் போனை வாங்கி எங்களை நோக்கிப் பிடித்தார்.

"மதினி தெரியிறா. எம்புட்டுப் பூவு. நீ எங்கடா?"

"இங்கதாம்மா. மதினிக்குப் பக்கத்துல."

"பக்கத்துல மரம்ல நிக்கி."

சிக்னல் சரியில்லை என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு திரையின் மேல்மூலையைப் பார்த்தாள். கீழ்மூலையைப் பார்த்தாள். அங்கெல்லாம் நான் இல்லை.

"சாப்பிட்டியான்னு கேக்கணும்" என்றாள். "எந்தப் பக்கம் பாத்துடா கேக்க?"

மதினி டப்பாவை மூடினார்.

கைக்கெட்டிய கிளை ஒன்று இருந்தது. இழுத்தேன். கன்னத்தில் வைத்துக்கொண்டேன். பூ லேசாகச் சில்லென்றிருந்தது.

"கழுத்த இன்னும் கொஞ்சம் சாயிப்பா" என்றார் அண்ணன்.

சாய்த்தேன்.