உள்தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. தம்பிக்கு மனநோய் முற்றியிருந்த சமயம், குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். கதவை உடைத்துத்தான் அவனை உயிரோடு வெளியே கொண்டுவந்தோம். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அப்பா எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். இப்போது அப்பாவும் இல்லை. நானும் தம்பியும்தான்.

பழக்கதோஷம், நான் வேலை பார்க்கும் தையல் கடையின் கழிப்பறையிலும் தாழ் போட மறந்துவிடுகிறேன். ஒருநாள் மேனேஜர் கதவைத் திறந்துவிட்டார். மானம் கப்பலேறிவிட்டது. அன்று முழுக்க அந்த மனுஷன் பட்டன் டப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் என்னிடம் பேசினார்.

போன வாரம் சாப்பிடும்போது தம்பி கேட்டான்.

"அக்கா, என் ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரியா?"

"எதுக்கு? இன்னொரு தடவை கதவை உடைக்கவா?"

வாய் முந்திக்கொண்டது. அவன் எழுந்து தட்டைக் கழுவினான். வெகுநாளாக மாத்திரையைத் தவறவிடாதவன், அச்சகத்தில் ஒழுங்காக வேலைக்குப் போகிறவன். கேட்டது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தால் பயம் போய்விடுமா என்ன?

சனிக்கிழமை சாயங்காலம், மனநோய் உள்ளவர்களின் வீட்டார் கூடும் கூட்டத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வட்டமாக உட்காருவோம். நான் அங்கே புதுசு. கடைக் கழிப்பறைக் கதையைச் சொன்னதும், ரிட்டயரான தபால்காரர் ஒருவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எங்க வீட்லயும் ரொம்ப நாள் தாழ்ப்பாள் கிடையாதும்மா. உள்ள ஆள் இருக்குன்னு தெரியணுமே, அதுக்காகப் பாடிக்கிட்டே குளிப்பேன். எதிர்வீட்டுக்காரன் வீட்டையே காலி பண்ணிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் தம்பி கேட்டதைச் சொன்னேன்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க," என்றார் கூட்டத்தை நடத்தும் நர்ஸம்மா. "வெளியிலேர்ந்து காசை வெச்சுத் திருப்புனா திறக்கிற தாழும் கிடைக்குது."

"போட்டுக் குடும்மா," என்றார் தபால்காரர். "என் சம்சாரம் கேட்டா. நான் போட்டுக் குடுத்தேன்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"செத்துப் போயிட்டாம்மா. ரெண்டு வருஷம் நல்லாத்தான் இருந்தா."

"அப்புறம் எந்தத் தைரியத்துல என்னைப் போடச் சொல்றீங்க?" சுள்ளென்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "தாழ்ப்பாளால போகலம்மா. கதவெல்லாம் திறந்து கிடக்க, பட்டப்பகல்ல வாசல் வழியா நடந்து போனவ, உயிரோட திரும்பல. அதுக்கு முன்னாடி தினம் கதவைச் சாத்திக்கிட்டு நிதானமா தலை சீவிக்குவா. யாரும் எட்டிப் பார்க்காம. நான் அவளுக்கு உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்."

திங்கட்கிழமை டாக்டரைப் போய்ப் பார்த்தேன்.

டாக்டர் சரி என்றார். நானே தாழை வாங்கி வந்து மாட்டினேன். துளை கோணலாகிவிட்டது.

"ஊசி பிடிக்கிற கைக்கு இதெல்லாம் வருமா?" என்றான் தம்பி.

"ஓசியில கிடைச்ச ஆசாரி இவ்வளவுதான். வாயை மூடு."

காசை வைத்துத் திறந்து காட்டினேன். "கூப்பிட்டா பதில் சொல்லணும். சொல்லலைன்னாதான் திறப்பேன்."

"சொல்றேன்க்கா."

உள்ளே போனான். தாழ் விழுந்தது.

"அக்கா, கதவுகிட்டயே நிக்கிறியா?"

"இல்லடா," என்றேன், அங்கேயே நின்றுகொண்டு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மூச்சு திணறுவது போல் ஏதோ கேட்டது. காசைத் தாழின் பிளவில் வைத்தேன்.

"தம்பி?"

"இருக்கேன்க்கா." குரல் உடைந்திருந்தது. "பயப்படாத. கொஞ்ச நேரம் அழுதுட்டு வரேன்."

அப்பா செத்த அன்றுகூட அவன் அழவில்லை. அழுதால் நான் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் என் கண்ணெதிரே அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறான் பாவி.

காசை அலமாரி மேல் வைத்தேன். சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்.