வேலை நிற்காத வீடு

கடைசல்காரரின் மனைவி லாரி மோதி இறந்த நாலாம் நாள், வீட்டு வேலைகள் தாமாகவே நடக்கத் தொடங்கின. விடிவதற்குள் குடங்களில் தண்ணீர் நிரம்பியிருக்கும். அவர் பல் துலக்கி வருவதற்குள் சமையல் முடிந்திருக்கும். லேத்துப் பட்டறையில் போடுகிற சட்டை துவைத்து, அவள் மடிக்கிற மாதிரியே காலர் உட்பக்கமாக மடித்து நாற்காலியில் இருக்கும். ஆள் மட்டும் கிடையாது. இரும்பைக் கடைந்தே முப்பது வருஷம் ஓட்டியவர் அவர். எதையும் லேசில் நம்பமாட்டார். முதலில் எதிர்வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார். மறுநாள் அந்தப் பூட்டும் துடைத்து எண்ணெய் விட்டிருந்தது. அதற்குமேல் அவர் ஆராயவில்லை.

பிள்ளை குட்டி இல்லை. இழப்பீட்டு வழக்கு போட்ட வக்கீல் விஷயத்தை விளக்கினார்: சம்பளம் வாங்காத பெண்சாதி செத்தால், அவள் பார்த்த வேலைக்கு ஆள் வைக்க மாதம் என்ன ஆகும் என்று கோர்ட்டு பார்க்கும், அதை வருஷக் கணக்காக்கி, அவள் வயதுக்கு உரிய எண்ணால் பெருக்கும். கடைசல்காரருக்குப் பணத்தில் பெரிய ஆசையில்லை. அவள் போனது நஷ்டம்தான் என்று யாராவது ஒரு பெரிய மனுஷன் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான்.

லாரிக்காரன் பக்கத்து இன்சூரன்ஸ் வக்கீலிடம் யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். வேலைதான் நடக்கிறதே, நஷ்டம் எங்கே என்று அவர் கேட்டார். வீட்டைப் பார்த்து எழுதி வரக் கோர்ட்டு ஓர் அதிகாரியை அனுப்பியது. அவர் வருவதற்கு முந்தின நாள் கடைசல்காரரின் வக்கீல் போன் செய்தார்.

"அண்ணே, நாளைக்கு வீடு குப்பையா கிடக்கணும். புரியுதா?"

"குப்பை போட எனக்குச் சொல்லித் தரணுமா? அதுக்குத்தானே கல்யாணம் ஆன நாளா ஏச்சு வாங்கினேன்."

பட்டறையில் கடைந்து விழுந்த இரும்புச் சுருளை அரை மூட்டை கொண்டுவந்து கூடத்தில் கொட்டினார். எச்சில் தட்டுகளைப் பரப்பினார். அதிகாரி மூன்று மாடி ஏறி வருவதற்குள் தரை ஈரத்தில் மினுங்கியது, மேசையில் இரண்டு தம்ளர் டீயில் ஆவி பறந்தது. அதிகாரி குடித்துவிட்டு, சர்க்கரை அளவாக இருந்தது என்பதையும் அறிக்கையில் சேர்த்தார்.

நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கூண்டில் நின்றவரைப் பார்த்தார். "தண்ணி, சமையல், துணி எல்லாம் நடக்குது. அப்ப என்னதான் நடக்கலை? யோசிச்சுச் சொல்லுங்க."

கடைசல்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "திட்டு நின்னுபோச்சுங்கய்யா. போன வாரம் வேணும்னே கிரீஸ் கையை வெள்ளைத் துண்டுல துடைச்சேன். முன்னெல்லாம்னா தெருவுக்கே கேக்கும். இப்ப துண்டு துவைச்சுக் கொடியில தொங்குது. ஒரு வார்த்தை இல்லை."

"இதை நஷ்டம்னு சொல்ற முதல் புருஷன் இவர்தான்யா," என்றார் இன்சூரன்ஸ் வக்கீல். கோர்ட்டு சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. வீட்டு வேலை வகையில் இழப்பு ஒன்றுமில்லை என்றார். துணை இழப்புக்குச் சட்டம் எல்லோருக்கும் வைத்திருக்கிற தொகையைக் கொடுத்தார்.

"ரொம்பப் பேசறவளுக்கும் வாயே திறக்காதவளுக்கும் ஒரே தொகைதானுங்களா?"

"ஒரே தொகைதான்."

ஆனால் தீர்ப்பில், இழந்தது என்ன என்று எழுதுகிற இடத்தில், 'மனைவியின் குரல்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். கடைசல்காரர் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல் வாங்கி, பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு பஸ் போனது தெரியவில்லை.

பதினாலு வருஷம் ஓடியது. சட்டை கோணலாக மடிந்தது. கூடத்து மூலையில் தூசி தங்கியது. சில நாள் ஒரு குடம்தான் நிரம்பியிருந்தது. எதிர்வீட்டுக்காரி விசாரித்தபோது, "அவளுக்கும் வயசாகுதில்ல," என்றார். குனிந்து செய்கிற வேலைகளை அவர் எடுத்துக்கொண்டார். லேத்தில் உழைத்துத் தேய்ந்த தோளை மேலே தூக்க வராது என்பதால், எட்டிச் செய்கிற வேலைகள் அவளிடமே இருந்தன.