மாமாவின் கையும் மூன்று வார நுரையும்

அந்த பீர் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவர் மாமாதான். முறையாகப் பார்த்தால் முதலாளிக்கு மட்டும்தான் மாமா, அக்காவின் கணவர். இருபது வருடமாக பீர் குழாயடியில் நின்று அவர் நிரப்பிய கிளாஸில் நுரை இரண்டு விரல் உயரத்தைத் தாண்டியதில்லை.

மூன்று வாரமாக எல்லாம் தலைகீழ். முக்கால் கிளாஸ் நுரை, கால் கிளாஸ் பீர். அந்த நேரம் பார்த்து அவருடைய வலது கையும் லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. அப்புறம் என்ன, பழி முழுக்கக் கைமேல்தான்.

"என்ன மாமா, துணி ஊறவைக்கிறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். கடையே சிரித்தது. மாமாவும் சிரித்துவைத்தார். 

முதலாளியான மைத்துனன் நல்லவன்தான், பேசத் தெரியாத நல்லவன். கிளாஸ் கழுவும் தொட்டியருகே ஒரு புது நாற்காலியை வாங்கிப் போட்டான். "திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க இங்க உக்காந்து கிளாஸ் கழுவுங்க மாமா, குழாய நான் பாத்துக்கறேன். உங்களுக்கும் ரெஸ்ட்."

மாமா தலையாட்டினார். அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை, பீரைக் குழாய்க்குத் தள்ளும் கேஸ் சிலிண்டர்களின் மாதாந்தரப் பரிசோதனைக்குப் பெண் மெக்கானிக் வந்தார். முதலில் தானே ஒரு கிளாஸ் பிடித்தார். நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது.

"உங்க கைக்கும் அப்படித்தானா?" மாமாவின் குரல் உடைந்துவிட்டது.

அந்தம்மா படியிறங்கி, பீப்பாய்கள் இருக்கும் நிலவறைக்குப் போனார். மாமாவும் மைத்துனனும் பின்னாலேயே போனார்கள்.

"நைட்ரஜன் கலந்த சிலிண்டர் எங்க? இது வெறும் கார்பன் டை ஆக்சைடாச்சே! யார் மாத்தினது?"

மைத்துனன் திருதிருவென்று விழித்தான். "மூணு வாரமா அது கிடைக்கலங்க. எல்லாம் காத்துதானேன்னு..."

"இங்கேர்ந்து மேல வரைக்கும் தள்ள நல்ல அழுத்தம் வேணும் சார். அந்த அழுத்தத்துல இது பீருக்குள்ளயே கரைஞ்சிடும், கிளாஸுக்கு வந்ததும் பொங்கும். நைட்ரஜன் அவ்வளவா கரையாது, தள்ளுற வேலைய மட்டும் பாக்கும். அதான் ரெண்டையும் அளவா கலக்குறோம்."

தன் வண்டியிலிருந்து கொண்டுவந்த கலப்பு சிலிண்டரையும் ஒரு புது பீப்பாயையும் மாட்டி, குழாயில் தேங்கியதை வடித்துவிட்டு, "நீங்களே ஊத்துங்க சார்" என்றார் மாமாவிடம்.

மாமா கிளாஸைச் சாய்த்துப் பிடித்தார். பீர் அமைதியாக இறங்கி, இரண்டு விரல் நுரையோடு நின்றது.

"கை இன்னும் நடுங்குதே மாமா," என்றான் மைத்துனன், தரையைப் பார்த்தபடி.

"நடுங்கிட்டுப் போகட்டும்டா. கிளாஸப் பாரு."

மைத்துனன் பார்த்தான். பிறகு போய், அந்தப் புது நாற்காலியில் தானே உட்கார்ந்து, கிளாஸ் கழுவ ஆரம்பித்தான்.