சரி இருந்த இடம்

அக்கா லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அதை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"இந்தாங்க மாப்ள. சீக்கிரம் ஏத்திக் குடுங்க. கீழ டிரைவர் இப்பவே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கான்."

மனைவியின் அக்கா. அவனுக்கும் அக்காதான். பெட்டி ஏற்கெனவே வாசலருகே நின்றது. போன வாரமே வந்து அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். மனைவி ஜன்னலோர நாற்காலியில் தலைவாரி உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த பொருள் போல.

பக்கவாதம் கையோடு பேச்சையும் கொண்டுபோயிருந்தது. நாம் சொல்வது அவளுக்குப் புரியும். எழுதியிருப்பதை மெதுவாகப் படிப்பாள். பதில்தான் வராது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரி ஆடியது. முன்பெல்லாம் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் நாளெல்லாம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மிச்சத்தைப் பேச ஆரம்பிப்பவள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கணினியில் புரோகிராம் எழுதுவது அவனுடைய பொழுதுபோக்கு. யாரும் சொல்லித் தரவில்லை. இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டும் திட்டு வாங்கியும் கற்றது. அதுவரை எழுதியதெல்லாம் ஒன்றுக்கும் உதவாத சில்லறை வேலைகள். இது மட்டும் உதவியது. திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சொல். அவள் இடது கை விரலால் தொட்டால் கணினி அந்தச் சொல்லைச் சொல்லும். இடது கையும் நடுங்கியது. அதனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டை அடியிலிருந்து தாங்கிக்கொள்வான்.

"லிஃப்ட்டுக்குப் பட்டன் வெச்சு வெச்சு, பொண்டாட்டிக்கும் பட்டன் வெச்சுட்டாருடீ," என்று அக்கா அதை முதலில் பார்த்த அன்றைக்குச் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள், பாதி முகத்தால்.

அதில் இரண்டு விஷயங்கள் அவனுக்குப் பெருமை. ஒன்று, புரோகிராமை ஒரு பெயரோடு சேர்த்துத் திறக்கலாம். அதன் பெயருக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு 'அக்கா' என்றோ 'டாக்டர்' என்றோ எழுதினால், அவரவரிடம் பேசுவதற்கான பலகை வரும். பெயர் எதுவும் தராமல் திறந்தால் அவனுடைய பலகை. யார் என்று சொல்லாவிட்டால் நான்தான் என்று எழுதிவைத்திருந்தான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது, அவள் எந்தச் சொல்லை அதிகம் தொடுகிறாளோ அது முன்னால் வரும். மிக அதிகம் தொட்டது முதல் கட்டத்தில், பெரிதாக, அவள் கைக்கு மிக அருகில். அவளுக்குச் சீக்கிரம் களைத்துவிடுகிறதே என்று செய்தது. தொட்ட கணக்கையெல்லாம் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்தான். விண்டோஸ் தன் ஞாபகங்களை அடைத்து வைத்திருக்கும் இடம் அது. கணினியை அணைத்தாலும் அங்கே எழுதியது அழியாது.

லிஃப்ட் குழிக்குள் அவன் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் குளியலறையில் விழுந்தாள். அவன் வந்து பார்க்கும்வரை ஈரத்தில் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் அக்கா, "எங்கூட வந்து இருக்கட்டும். எங்க வீட்ல எப்பவும் ஆள் இருக்கு," என்றாள். அவன் பலகையைத் திறந்து, மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு கேட்டான்: "அக்கா வீட்டுக்குப் போயிடறியா?"

'சரி' என்றது கணினி.

அந்த ஒரு சொல்லைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருந்தான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே அவள்.

இப்போது அந்தக் கணக்குகளை லேப்டாப்புக்கு மாற்றுவதற்காக ரெஜிஸ்ட்ரியைத் திறந்தான். புரோகிராம்தான் தினமும் அங்கே போய்வந்தது. அவன் எழுதி முடித்த பிறகு எட்டிப் பார்த்ததில்லை. முதலில் அக்காவின் கிளை, அக்காவிடம் பேசிய கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது 'போடி'. அடுத்து 'பொய்', 'அப்புறம்', 'இன்னொரு தடவை சொல்லு'. எண்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நின்றன. அக்கா வாரம் ஒருமுறைதான் வருவாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அவனுடைய கிளை. 'சரி' எதிரே இருந்த எண்ணைப் பார்த்தான். மற்ற எல்லாச் சொற்களையும் கூட்டினாலும் அதன் பாதிக்குக் காணாது. 'போதும்' கொஞ்சம். 'லைட்' கொஞ்சம். 'போடா' என்ற சொல்லையும் அவன் ஆசையாகச் சேர்த்திருந்தான். அதன் எதிரே சுழியம்.

சாப்பிடலாமா, சரி. படுக்கலாமா, சரி. வேலைக்குக் கிளம்பட்டுமா, சரி. தொடத் தொட அது முன்னால் வந்தது. முன்னால் வர வர அதையே தொட்டாள். முதல் கட்டத்தில் வந்து உட்கார்ந்த பிறகு அதை யாரும் அசைக்க முடியவில்லை. அவள் கையை வைத்தாலே சரிதான்.

"அக்கா, உங்ககிட்ட பேசும்போது கையத் தாங்கிப் பிடிப்பீங்களா?"

"நானா? எனக்கே முட்டி வலி. அவ தேடட்டும்னு விட்டுட்டு நான் பாட்டுக்கு நகம் வெட்டிக்கிட்டிருப்பேன். கடைசில கண்டுபுடிச்சு 'போடி'ம்பா. அதுக்கு இவ்ளோ நேரமாடின்னு கேப்பேன்." அக்கா நிறுத்தினாள். "ஏன், புடிக்கணுமா?"

"இல்ல. வேண்டாம்."

அவன் வேலைக்குக் கிளம்பி நின்றவன்தான் எப்போதும். ஒரு காலில் ஷூ, மறு காலில் சாக்ஸ். அவள் விரல் தேட ஆரம்பிக்கும்போதே அவன் உள்ளங்கை அதற்குக் கீழே போயிருக்கும். அந்த உள்ளங்கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இப்போது நினைவுபடுத்திப் பார்த்தான். நினைவு வரவில்லை.

அவனுடைய கிளையின் மேல் சுட்டியை வைத்தான். அழிக்கவா என்று கணினி கேட்டது. திரும்பப் பெற முடியாது என்றும் சொன்னது. அழித்தான்.

"என்ன மாப்ள, முடிஞ்சுதா?"

"ஒரே ஒரு நிமிஷம்க்கா. அவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேட்டாச்சே! சரின்னாளே! நீங்கதானே போன் பண்ணிச் சொன்னீங்க?"

"மறுபடியும் கேக்கறேன்."

அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மனைவியைக் கணினியின் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தான். பெயர் எதுவும் தராமல் புரோகிராமைத் திறந்தான். அவனுடைய பலகை வந்தது. கணக்கு ஒன்றும் இல்லாததால் கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில், அகர வரிசையில், முதல் நாள் இருந்தது போலவே நின்றன. 'சரி' நடுவில் எங்கோ இருந்தது. 'மாட்டேன்' கீழே. 'வேண்டாம்' கடைசி வரிசையில்.

"அக்கா வீட்டுக்குப் போறியா? அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு."

அவள் கை நேராக மேல் மூலைக்குப் போய்த் தொட்டது.

'அக்கா' என்றது கணினி.

"கேட்டீங்களா? எம் பேரத்தான் சொல்றா," என்று அக்கா எழுந்தாள். "அப்புறம் என்ன?"

"அது 'சரி' இருந்த பழைய எடம்க்கா. பழக்கத்துல கை போயிடுச்சு."

அவள் விரலை இழுத்துக்கொண்டாள். நாற்காலி மேசையெல்லாம் இடம் மாற்றிப் போட்ட அறைக்குள் வந்தவள் போலத் திரையைப் பார்த்தாள். பிறகு படிக்கத் தொடங்கினாள். கண்கள் ஒரு வரிசையின் கடைசிவரை போய், அடுத்ததன் தொடக்கத்துக்குத் திரும்பி வந்தன. உதடுகள் லேசாக அசைந்தன. நடு வரிசையில் ஒருமுறை நின்றாள். அதைத் தாண்டிக் கீழே போனாள். மறுபடி மேலே வந்தாள். இத்தனை நேரம் அவள் அந்தத் திரையைப் பார்த்து அவன் பார்த்ததில்லை. இத்தனை நேரம் அவன் அங்கே உட்கார்ந்ததும் இல்லை.

கீழே ஹாரன் அடித்தது. அக்கா ஜன்னல் வழியாக எட்டி, "இருப்பா!" என்று கத்தினாள்.

மனைவி கையைத் தூக்கினாள். திரைக்கும் அவளுக்கும் நடுவில் அது நின்றது. எந்தக் கட்டத்துக்கு நேராகவும் இல்லை. நடுங்கியது. மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்தி, அவன் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள். அதற்குக் கீழே வழக்கமாக என்ன இருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். கை இறங்கவில்லை.