பதினேழடிக்குக் கால் அங்குலம் குறைவு

காஞ்சிபுரம் பாசனப் பிரிவு அலுவலகத்தில் அன்று கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. வாலாஜாபாத் பக்கத்து ஏரி ஒன்றில், நூறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே தாண்டக்கூடிய நீர்மட்டம் எது என்று உதவிப் பொறியாளர் பிரவீனா மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும். கல்லூரிக் காலத்து இயல்நிலைப் பரவல் அட்டவணையைச் செல்போனில் தேடி எடுத்தாள்.

நூறில் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் தாண்டாத மட்டம் என்றால் அவளுக்கு வேண்டியது 0.9900. அது அட்டவணையில் இல்லை. 2.32-க்கு 0.9898, 2.33-க்கு 0.9901. மூன்று பங்கு இடைவெளியில் இரண்டு பங்கு தள்ளி நிற்கிறது அவள் தேடுவது. இடைச்செருகிப் பார்த்ததில் 2.3267 வந்தது. ஆண்டு உச்ச மட்டத்தின் சராசரி பத்தடி, திட்ட விலக்கம் மூன்றடி. பெருக்கிக் கூட்டினால் 16.98. பதினேழடிக்குக் கால் அங்குலம் குறைவு.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் தேவசகாயம் போன் செய்தார்.

"மேடம், தண்ணி ஆறடிதான் இருக்குது. ஆனா அளவுக்கல்லு உச்சி கிட்ட வரைக்கும் நனைஞ்சிக்கினு இருக்குது. ஒரு தபா வந்து பாருங்க."

போனாள். வெயில் கொளுத்தியது. கல்லில் மட்டும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. ஈரத்தின் மேல் விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. டேப்பை வைத்துப் பார்த்தாள். பதினேழடிக் கோட்டுக்குக் கால் அங்குலம் கீழே. விரல் நுனி சில்லிட்டது.

"யாராச்சும் தண்ணி ஊத்தினாங்களாண்ணா?"

"யாரு மேடம் ஊத்துவாங்க? துணி போட்டுத் துடைச்சேன். துடைக்கத் துடைக்க ஊறிக்கினே வருது."

அந்த மட்டத்துக்கு நீர் வந்தால், ஏரி நிரம்பி வழியும் கலங்கலுக்குக் கீழே உள்ள தெரு மூழ்கும். தேவசகாயத்தின் வீடும் அங்கேதான்.

"கீழ்த்தெரு சனங்கள ஸ்கூலுக்குப் போகச் சொல்லுங்கண்ணா. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"வானத்துல பொட்டு மேகம் இல்லியே மேடம்."

"தெரியும்."

கீழ்த்தெருக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. கலங்கல் வழிந்து கீழ்த்தெருவில் கழுத்தளவு நீர் நின்றது, சுவர்கள் சரிந்தன. ஏரி அந்தக் கோடுவரை ஏறியது. ஏறி, அப்படியே நின்றது. மழை கொட்டியபடியே இருக்க, நீர் ஒரு மயிரிழையும் மேலே போகவில்லை. பொழுது சாயும்போது தானாக இறங்கத் தொடங்கியது.

ஒரு உயிருக்கும் சேதமில்லை. மழை விட்டதும் பிரவீனா அரிசி மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவள் நுழைந்ததும் பெண்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். தேவசகாயத்தின் மனைவி பட்டம்மாள் மட்டும் முன்னே வந்தாள், பிரவீனாவின் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லா இரும்மா. உன்னாலதான் உசுரோட இருக்கோம்." குரல் தாழ்ந்தது. "இனிமே எங்க ஏரிய மட்டும் கணக்கு போடாத."

"நான் ஒண்ணும் வரவைக்கலம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள் பிரவீனா. அது நிஜம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.