அதே நரம்பு

புருஷனின் துணிப்பெட்டிக்குள் எறும்பு சாரை சாரையாகப் போவதைப் பார்த்துத்தான் அவள் அதைக் கவிழ்த்துக் கொட்டினாள். சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தேன் பாட்டில் உருண்டது. பாதிக்கு மேல் காலி. கூடவே லேபிள் இல்லாத டப்பாவில் மண் நிறத்தில் ஏதோ பொடி.

"சக்கரை வியாதிக்காரன் ஒளிச்சு வச்சுத் திங்கற பண்டமாய்யா இது?"

கிரேன் குனிந்து சட்டைகளைப் பொறுக்கினான். பழைய இரும்புக் கிடங்கில் ரெண்டு ஆள் தூக்குகிற உத்திரத்தை ஒத்தை ஆளாய்த் தோளில் ஏற்றுவதால் அவனுக்கு அந்தப் பெயர். பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் அதற்கு வேறொரு அர்த்தமும் வைத்துச் சிரிப்பாள்.

இப்போது அந்த அர்த்தம்தான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. வருஷத்துக்கு மேலாகக் கிரேன் எழும்பவில்லை. கூட வேலை பார்க்கும் வெல்டரிடம், தன் சிநேகிதன் ஒருத்தனுக்கு என்று சொல்லி யோசனை கேட்டான். வெல்டர் என்ன கேனையனா.

"உன் சிநேகிதன்கிட்டச் சொல்லு, இந்தப் பொடியத் தேன்ல குழைச்சுக் காலையும் சாயந்தரமும் நக்கணும். அவனுக்குச் சங்கிலி துருப்பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

கிரேன் நக்கினான். சக்கரை ஏறியது. வேறெதுவும் ஏறவில்லை.

இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாததால் அவள் தானாக ஒரு முடிவுக்கு வந்தாள். தன்னைத் தொடவே பிடிக்காத மனுஷன், செத்தாலும் சரி என்று தேன் குடிக்கிறான். "நான் தங்கச்சி வீட்டோட போயிடறேன். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. சலவைக் கம்பெனியில் இஸ்திரி மெஷின் முன்னால் நின்று நின்று, அவள் பேச்சும் மடிப்புக் கலையாமல்தான் வரும்.

அந்த வாரமே அவன் காலில் ஆணி ஏறியது. ஏறியது அவனுக்குத் தெரியவில்லை. பூட்ஸைக் கழற்றியபோது காலுறை சிவந்து கிடந்ததை அவள்தான் பார்த்தாள். மறுநாள் காலை, "இந்தக் காலைக் காட்டிட்டு அப்படியே பஸ் ஏறிடறேன்" என்று தன் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு ரெண்டு பேரும் சக்கரை மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாள்.

டாக்டரம்மா மகள் வயசுப் பெண். புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, நைலான் இழை மாதிரி ஒன்றை எடுத்தாள். "கண்ண மூடிக்குங்க. நான் தொடறது தெரிஞ்சா சொல்லுங்க."

கிரேன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். காத்துக்கொண்டே இருந்தான்.

"ஆரம்பிங்க டாக்டரம்மா."

"ரெண்டு பாதத்துலயும் தொட்டு முடிச்சாச்சுங்க."

கண்ணைத் திறந்து தன் பாதங்களை, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன செருப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"சக்கரை ரொம்ப நாள் ஏறியே இருந்தா நரம்பும் கெடும், ரத்தக் குழாயும் கெடும். கால்ல மட்டும் நிக்காது" என்றாள் டாக்டரம்மா. "வீட்டுல நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கறது எப்படி?"

அவன் தரையைப் பார்த்தான். எத்தனையோ டன் இரும்பைத் தூக்கியவனுக்கு அந்த ரெண்டு வார்த்தை கனத்தது. கடைசியில், "எழும்ப மாட்டேங்குது" என்றான். "அதுக்குத்தான் பொடி. தேன்ல."

பெண்டாட்டி சடாரென்று திரும்பினாள். "அதுக்காய்யா தேன்?"

"நிறைய பேருக்கு வர்றதுதான்" என்றாள் டாக்டரம்மா. "ஆசை போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. ரத்தம் போய்ச் சேரல, சேதி போய்ச் சேரல." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் சக்கரைதானே? உங்களுக்கு எப்படி?"

கிரேனுக்குக் குழம்பியது. "அவகிட்ட என்னங்க கேக்கறீங்க? அவளுக்கு என்ன எழும்பணும்?"

டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். "பொம்பளைக்கும் அதே நரம்பு, அதே ரத்தம்தாங்க. ஆசை வந்தா அங்கயும் ரத்தம் பாயணும், ஈரம் ஊறணும், தொட்டா தெரியணும். சக்கரை அதையும் கெடுக்கும்."

இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவளைப் பற்றி இதை ஒருத்தரும் அவனுக்குச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "வறண்டு போச்சு. வலி உசிரு போகும். அரிப்பு வேற, வருது, போகுது, திரும்ப வருது. நாத்தம் அடிக்குமோ, இந்தாளு மூஞ்சியச் சுளிச்சிடுமோன்னுதான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தேன்."

"நான் ஆம்பளையே இல்லன்னு நீ திரும்பிக்கிட்டன்னுல்ல நெனச்சேன்?"

"நீதான் கிட்டயே வரலையேய்யா."

டாக்டரம்மா அவளுக்கு அரிப்புக்குக் களிம்பும் வறட்சிக்கு ஜெல்லும் எழுதினாள். அவனுக்கு முதலில் இதயப் பரிசோதனை, அதைப் பார்த்துத்தான் மாத்திரை. "சக்கரைய இறக்குங்க, நிறைய சரியாகும். முழுசாப் பழையபடி ஆகும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். அந்தப் பொடியத் தூக்கிப் போடுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் தங்கச்சி ஊர் பஸ் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள். கண்டக்டர், "ஏறுறியாம்மா?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டு விசிலடித்தான்.

வீட்டில் மத்தியான வெயில் ஜன்னல் வழியே கட்டிலில் பாதி வரை கிடந்தது. "கண்ண மூடு" என்றாள். பாதத்தில் ஒன்றுமில்லை. கணுக்காலில் ஒன்றுமில்லை. கெண்டைக்காலுக்கு மேலே வந்ததும், "ம்" என்றான். முழங்காலின் பின்பக்கம் விரல் பட்டபோது குழந்தைபோலத் துள்ளினான்.

"அட, இங்க உசிரு இருக்கு" என்று சிரித்தாள்.

அப்புறம் அவள் கண்ணை மூடினாள். இஸ்திரி சுட்டுக் காய்த்த உள்ளங்கையில் தெரியவில்லை. மணிக்கட்டில் தெரிந்தது. முழங்கை மடிப்பில் மூச்சு மாறியது. அவசர அவசரமாய் ஒரே இடத்துக்கு ஓடிப் பழகியவன் அவன். வழியில் இவ்வளவு பெரிய ஊர் இருந்ததைப் பார்த்ததே இல்லை. இரும்புத்துகள் ஏறிய கட்டைவிரலைக் கூசிக் கூசி, இறகு வைப்பதுபோல, அவள் பிடரியில் வைத்தான்.

அவளுக்குத் தோள்வரை புல்லரித்தது. அவன் அப்படியே உறைந்து அதைப் பார்த்தான். உடம்பில் எங்கேயோ புதைந்து ஓடுகிற ஒரு நூல், அவன் தொட்டதைக் கொண்டுபோய் அவளிடம் சேர்த்திருக்கிறது. கோவிலுக்குள் நுழைந்தவன்போல அவன் குரல் தானாகத் தாழ்ந்தது.

"தெரியுதா?"

"தெரியுது" என்றாள், கண்ணைத் திறக்காமல். "கைய எடுக்காத."